ஏர்பேக் விளக்கு எரிகிறது, கோடு ‘லோ வோல்ட்டேஜ்’ என்கிறது: எங்கிருந்து தேடுவது?

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டு மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். பெரும்பாலான கார்களில் ஆறு ஏழு விநாடிக்குள் அது நடந்துவிடும். அணையாமல் நின்றாலோ, ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எரிந்தாலோ, ஏர்பேக் கம்ப்யூட்டர், அதாவது ஏர்பேக் மாட்யூல், ஒரு பழுதைக் கோடாக (code, பழுதுக் குறியீடு) பதிந்துவைத்திருக்கிறது என்று பொருள். கோடுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் பார்த்தால் சில சமயம் ‘பாட்டரி வோல்ட்டேஜ் குறைவு’ என்றோ ‘சப்ளை குறைவு’ என்றோ வரும். புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஏர்பேக் கோடு என்றதும் கை ஸ்டீரிங்குக்கும் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டருக்கும் போய்விடுகிறது. இந்தக் கோடுக்கு அங்கே பெரும்பாலும் வேலையே இல்லை. காரின் பொது மின்சாரத்தில் இருக்கும் குறையை ஏர்பேக் மாட்யூல் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால் தேடலைப் பாட்டரியில் தொடங்கி, ஒவ்வொரு இணைப்பாக மாட்யூலை நோக்கி நகர வேண்டும். எதிர்த்திசையில் போனால் நேரமும் போகும், ஆபத்தும் கூடும்.

மாட்யூல் எதைப் பார்த்துப் புகார் சொல்கிறது?

ஏர்பேக் மாட்யூல் பல கார்களில் கியர் கன்சோலுக்குக் கீழே, தரையின் நடுமேட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும் ஓர் அலுமினியப் பெட்டி. இக்னிஷன் ஆன் ஆனதும் ஒரு ஃபியூஸ் வழியாக, சில கார்களில் இரண்டு ஃபியூஸ் வழியாக, அதற்கு மின்சாரம் வரும். எர்த் ஒரு தனி ஒயரில் போகும். சில மாடல்களில் பெட்டியின் உடலும் போல்ட்டுமே எர்த்தாக வேலை செய்யும்.

உள்ளே வந்த 12 வோல்ட்டை மாட்யூல் அப்படியே பயன்படுத்துவதில்லை. ஒரு பூஸ்ட் சர்க்யூட் அதை 20 வோல்ட்டுக்கு மேல் உயர்த்திப் பெரிய கெப்பாசிட்டர்களில் நிரப்பிவைக்கிறது. மோதலின் முதல் நொடித்துளியிலேயே பாட்டரி நசுங்கியோ கேபிள் அறுந்தோ போகலாம். அப்போதும் பை விரிய வேண்டும். கரண்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்பதற்காக மாடியில் தொட்டி கட்டிவைப்பது போன்ற ஏற்பாடு இது.

ஒவ்வொரு பையையும் ஊதி விரிக்கும் இன்ஃப்ளேட்டரிலும் ஸ்க்விப் என்னும் சின்னத் தீமூட்டி இருக்கிறது. அதன் தடை சுமார் 2 ஓம். 1.2 ஆம்பியர் மின்னோட்டம் 2 மில்லிவிநாடி பாய்ந்தால் போதும், அது பற்றிக்கொள்ளும். இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் விரிந்துவிடும் பொருள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் எச்சரிக்கைகள் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கின்றன என்பது புரியும்.

மாட்யூல் தன் சப்ளை பின்னில் (pin, கனெக்டரில் மின்சாரம் நுழையும் உலோகக் கால்) இருக்கும் வோல்ட்டேஜை ஓயாமல் அளக்கிறது. வேலை செய்யும் எல்லை பொதுவாக 9 முதல் 16 வோல்ட் வரை. துல்லியமான எண் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். கீழ் எல்லைக்குக் கீழே சில விநாடி நீடித்தால் கோடு பதிவாகி விளக்கு எரியும். செல்ஃப் அடிக்கும் நேரத்து ஒரு கணத் தாழ்வை மாட்யூல் பொறுத்துக்கொள்ளும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அந்தத் தாழ்வு நீண்டாலோ ரொம்ப ஆழமாகப் போனாலோதான் சிக்கல்.

கோடுகளின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஃபோர்டு கார்களில் பி1318 (B1318) என்பது பாட்டரி வோல்ட்டேஜ் குறைவு. ஹூண்டாய், கியா கார்களில் பி1102. ஜெனரல் மோட்டார்ஸில் பி1325 என்பது மாட்யூலின் பவர் சர்க்யூட் பற்றியது. பல கம்பெனிகளில் யூ3003-16 (U3003-16) என்று வரும். கடைசியில் இருக்கும் 16 என்றால் வோல்ட்டேஜ் எல்லைக்குக் கீழே, 17 என்றால் எல்லைக்கு மேலே. பழைய டொயோட்டா கார்களில் ஒரு வேடிக்கை உண்டு. சப்ளை இறங்கினால் விளக்கு எரியும், ஆனால் கோடு எதுவும் பதிவாகாது. வோல்ட்டேஜ் ஏறியதும் விளக்கு தானே அணைந்துவிடும். ‘விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் ஒன்றும் இல்லை’ என்பதே அங்கே ஒரு துப்பு.

காரின் ஓபிடி (பழுதறியும்) சாக்கெட்டில் மாட்டி இன்ஜின் கோடு மட்டும் படிக்கும் மலிவான ரீடர் இங்கே உதவாது. அது ‘பி’யில் தொடங்கும் பாடி கோடுகளைப் பெரும்பாலும் தொடவே தொடாது. எஸ்.ஆர்.எஸ். மாட்யூலுடன், அதாவது ஏர்பேக் மாட்யூலுடன், பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும்.

தொடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பாட்டரி, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, எர்த் இணைப்பு ஆகியவற்றை மல்டிமீட்டர் வைத்து அளப்பதில் ஏர்பேக் சார்ந்த ஆபத்து இல்லை. புதியவர் தயங்காமல் செய்யலாம். மாட்யூலின் கனெக்டரைக் கழற்றும் கட்டம் வந்தால் விதிகள் மாறுகின்றன:

- இக்னிஷனை ஆஃப் செய்து, பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகு, கெப்பாசிட்டர்கள் வடியக் காத்திருக்க வேண்டும். டொயோட்டா பல மாடல்களுக்கு 90 விநாடி சொல்கிறது, ஹோண்டா 3 நிமிடம். உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம்தான் கணக்கு.
- பாட்டரி கழற்றினால் ரேடியோ செட்டிங் போய்விடுமே என்று ஓபிடி சாக்கெட் வழியாக மின்சாரம் கொடுக்கும் ‘மெமரி சேவர்’ போடாதீர்கள். அது மாட்யூலையும் உயிரோடு வைத்திருக்கும்.
- ஏர்பேக்கின் மேலோ, அதற்குப் போகும் இரண்டு ஒயரிலோ ஓம் மீட்டர் வைக்கக் கூடாது. மீட்டர் தடையை அளக்கும்போது மின்னோட்டம் அனுப்பித்தான் அளக்கிறது. டெஸ்ட் லைட்டை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.
- மாட்யூல் தரையில் இறுக்கப்படாத நிலையில் இக்னிஷனை ஆன் செய்யக் கூடாது. உள்ளே இருப்பது அதிர்ச்சியை உணரும் சென்சார். பெட்டி கையில் இருக்கும்போது தவறி விழுந்தால் அதற்கு அது மோதல்தான்.

முதலில் கோடு, பிறகு மீட்டர்

ஸ்கேனரை மாட்டியதும் கோடை அழிக்கும் பட்டனுக்கு விரல் போகும். அழிக்க வேண்டாம். எந்தக் கோடு, அது இப்போது இருப்பதா பழையதா, வேறு எந்த மாட்யூல்களில் வோல்ட்டேஜ் கோடு இருக்கிறது என்பதையெல்லாம் எழுதிவையுங்கள் அல்லது படமெடுத்து வையுங்கள். ஏபிஎஸ், ஸ்டீரிங், பாடி கண்ட்ரோல் என்று நாலைந்து மாட்யூலும் சேர்ந்து ‘வோல்ட்டேஜ் குறைவு’ என்றால் குறை பாட்டரியிலோ சார்ஜிங்கிலோ முதன்மை எர்த்திலோ இருக்கிறது. ஏர்பேக் மாட்யூல் மட்டும் தனியாகப் புகார் சொன்னால் அதன் ஃபியூஸ், அதன் ஒயர், அதன் எர்த் என்று வட்டம் சுருங்கிவிடும். கோடு பழையது, சமீபத்தில் பாட்டரி இறங்கி ஜம்ப் கொடுத்து எடுத்த கார் என்றால், பாட்டரியைச் சரிபார்த்துக் கோடை அழித்தாலே பல சமயம் வேலை முடிந்துவிடும். சில கார்களில் வோல்ட்டேஜ் சரியானதும் விளக்கு தானே அணையும். சிலவற்றில் ஸ்கேனரால் அழிக்கும்வரை அணையாது.

இன்னொரு மதிப்புள்ள தகவல் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் இருக்கிறது: ஏர்பேக் மாட்யூல் தனக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று நினைக்கிறது என்பது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே பாட்டரி முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். பாட்டரியில் 12.4, மாட்யூலில் 12.2 என்றால் வழி சுத்தம். பாட்டரியில் 12.4, மாட்யூலில் 10.8 என்றால் நடுவில் எங்கோ 1.6 வோல்ட் தொலைகிறது. ஒரு பேனலைக்கூடக் கழற்றாமல் பாதி நோயறிதல் இங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த வசதி உள்ள ஸ்கேனர் கையில் இருந்தும் நேராக மாட்யூலை மாற்றுபவர்களைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பாட்டரியும் சார்ஜிங்கும்

ஓட்டி நிறுத்திய உடனே பாட்டரியை அளந்தால் எண் பொய் சொல்லும். தகடுகளின் மேலோட்டமான சார்ஜ் அதை உயர்த்திக் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடம் பொறுத்து அளக்கவும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 அளவில் இருந்தால் முதலில் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டுத்தான் மற்ற எந்தச் சோதனையையும் செய்ய வேண்டும். அரைகுறை சார்ஜில் எடுக்கும் மற்ற அளவுகளுக்கு மதிப்பில்லை.

12.6 காட்டும் பாட்டரியும் செத்த பாட்டரியாக இருக்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பது செல்ஃப். மல்டிமீட்டரில் ‘மின்/மேக்ஸ்’ (குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு) பதிவு வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மிதமான வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. 8, 7 என்று சரிந்தால் மாட்யூலின் கீழ் எல்லையைத் தாண்டிவிட்டது. காலையில் மட்டும் விளக்கு எரிகிறது, மதியம் எரியவில்லை என்ற புகாரின் வேர் அநேகமாக இதுதான்: குளிர்ந்த பாட்டரி, கெட்டியான ஆயில், இழுத்து இழுத்துச் சுற்றும் இன்ஜின்.

செல்ஃப் அடிக்கும்போதே இன்னொரு அளவும் எடுங்கள். மீட்டரின் ஒரு புரோபை (அளக்கும் முனையை) பாட்டரியின் ஈயத் தூணின் நட்டநடுவில் குத்துங்கள். மற்றொன்றை அந்தத் தூணைக் கவ்வும் கிளாம்பின் மேல் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, கண்ணுக்கு இடைவெளி தெரியாது. ஆனாலும் மீட்டர் அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால், கிளாம்புக்கும் தூணுக்கும் நடுவே மெல்லிய ஆக்சைடு படலம் உட்கார்ந்திருக்கிறது. நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வராது. கழற்றி, பிரஷ் போட்டு, இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். வெளியே வெள்ளையாகப் பூத்திருப்பதைத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று விடுவது போதாது.

இன்ஜின் ஓடும்போது பாட்டரி முனையில் 13.5 முதல் 14.7 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஹெட்லைட், ஏசி ஊதி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டும் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்ட்டேஜைத் தானே ஏற்றி இறக்கும் ஸ்மார்ட் சார்ஜிங் கார்களில் 12.6 அளவுக்கு இறங்குவதும் இயல்பே. லோடு போட்டதும் ஏறுகிறதா என்பதே அங்கே கேள்வி. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (மாறுதிசை மின்னோட்ட அளவுக்கு) மாற்றி அளந்து 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஆல்டர்னேட்டரின் டையோடில் சந்தேகம் கொள்ளலாம்.

மின்சாரக் கார், ஹைப்ரிட் என்றாலும் ஏர்பேக் மாட்யூலுக்குச் சோறு போடுவது சின்ன 12 வோல்ட் பாட்டரிதான். ஆல்டர்னேட்டருக்குப் பதில் டிசி கன்வர்ட்டர் அதைச் சார்ஜ் செய்யும். அது பலவீனமானால் முதலில் அலறும் மாட்யூல்களில் ஏர்பேக்கும் ஒன்று. ஆரஞ்சு நிற ஹை வோல்ட்டேஜ் கேபிள்கள் பக்கம் இந்தத் தேடலில் போக வேண்டியதில்லை.

வழியில் தொலையும் வோல்ட்

பாட்டரியும் சார்ஜிங்கும் சுத்தம், மாட்யூலில் மட்டும் வோல்ட்டேஜ் குறைவு என்றால் வோல்ட்டேஜ் டிராப் சோதனை. இதன் தத்துவம் எளிது: மின்னோட்டம் பாயும்போது தடை உள்ள இடத்தில் மட்டுமே வோல்ட் விழும். மின்னோட்டம் இல்லையென்றால் எவ்வளவு மோசமான இணைப்பும் 12 வோல்ட்டை அப்படியே காட்டும்.

இக்னிஷன் ஆனில், ஒரு புரோப் பாட்டரி பாசிட்டிவ் தூணில், மற்றொன்று ஏர்பேக் ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளில் ஒன்றில். இரண்டு புள்ளிகளையும் தனித்தனியே பாருங்கள். இரண்டிலும் 0.2, 0.3 வோல்ட் வித்தியாசம் என்றால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் என்றால் இக்னிஷன் சுவிட்சின் தேய்ந்த காண்டாக்ட், இக்னிஷன் ரிலே, ஃபியூஸ் பெட்டிக்கு வரும் முதன்மைக் கேபிள் என்று பின்னோக்கிப் போக வேண்டும். சாவியைச் சற்றே ஆட்டும்போது எண் துள்ளினால் குற்றவாளி சுவிட்ச்தான். முதல் புள்ளியில் சரி, இரண்டாவதில் குறைவு என்றால் ஃபியூஸுக்குள்ளேயோ அதன் கால் உட்காரும் இடத்திலோ கோளாறு.

ஃபியூஸைப் பிடுங்கும்போது கையில் வரும் உணர்வையும் கவனியுங்கள். சற்று முரண்டு பிடித்து வர வேண்டும். வெண்ணெயில் இருந்து வருவது போல வந்தால் உள்ளே பிடிக்கும் இதழ்கள் விரிந்துவிட்டன. அதற்குப் பல நேரம் காரணம் பிறகு சேர்த்த சாமான்கள்: டேஷ்கேம், ஜிபிஎஸ், ஆம்பிளிஃபயர் என்று எதையாவது ஃபியூஸ் பெட்டியில் ‘டேப்’ (tap, கிளை இணைப்பு) போட்டு இழுத்திருப்பார்கள். ஏர்பேக் ஃபியூஸில் எதையும் சேர்த்து மாட்டக் கூடாது. மாட்டியிருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் மேற்கொண்டு அளக்க வேண்டும்.

எர்த் பக்கத்தை மறப்பவர்கள் அதிகம். பாட்டரி நெகட்டிவ் தூணிலிருந்து மாட்யூல் அருகே பெயின்ட் இல்லாத உலோகத்துக்கு, ஹெட்லைட்டும் ஊதியும் ஓடும்போது அளக்கவும். 0.1 வோல்ட் வரை இருக்கலாம். மாட்யூல் சொந்தமாக இழுக்கும் மின்னோட்டம் சிறியது. அரை ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், அதன் ஒயரில் மட்டும் 3 வோல்ட் தொலைய 6 ஓம் தடை வேண்டும். அது ஏறக்குறைய அறுந்த நிலை. ஆனால் அதே எர்த் போல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் ஊதியும் சேர்ந்திருந்தால், 0.3 ஓம் துரு போதும், அதே 3 வோல்ட் போய்விடும். ஏசியை முழு வேகத்தில் போட்டால் மட்டும் ஏர்பேக் விளக்கு எரிகிறது என்ற விசித்திரப் புகாருக்கு விடை இதுதான்.

கனெக்டர் வரை போக வேண்டி வந்தால்

இதுவரை எல்லாம் சரி, ஆனாலும் மாட்யூல் குறைவு என்கிறது. இப்போதுதான் கன்சோல் கழற்றும் வேலை. வயரிங் டயக்ராம் இல்லாமல் இந்தக் கட்டத்துக்கு வராதீர்கள். சப்ளை பின்னும் ஸ்க்விப் பின்னும் ஒரே கனெக்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எது எது என்று ஊகிக்கக் கூடாது. தயக்கம் இருந்தால் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே சரி.

மேலே சொன்னபடி பாட்டரியைக் கழற்றிக் காத்திருந்து, கனெக்டரின் பூட்டைத் திறந்து எடுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பின்கள் தகரம் போலவோ தங்கம் போலவோ மின்ன வேண்டும். பச்சை நிறத்தில் பூத்திருந்தாலும், வெள்ளைப் பொடி படிந்திருந்தாலும், ஒட்டும் பழுப்புக் கறை இருந்தாலும் தண்ணீர் புகுந்திருக்கிறது. கன்சோலின் கப் ஹோல்டருக்கு நேர் கீழே இருக்கும் பெட்டி என்பதால் சிந்திய பானமே பாதி வழக்குகளுக்குப் போதுமான காரணம். ஏசி வடிகால் குழாய் அடைத்துத் தரைவிரிப்பு நனைவது அடுத்தது. நனைந்த காரணத்தைச் சரிசெய்யாமல் பின்னை மட்டும் துடைத்தால் பழுது திரும்பி வரும்.

கனெக்டர் கழன்ற நிலையில், காரில் யாரும் உட்காராமல், பாட்டரியை மறுபடி மாட்டி இக்னிஷனை ஆன் செய்து, ஒயர் பக்கத்து சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அளக்கலாம். பின்னுக்கு ஏற்ற மெல்லிய புரோப் வேண்டும். தடித்த முனையைத் திணித்தால் பின்னின் இதழ் விரிந்து, இல்லாத பழுதை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். எர்த் தனி ஒயரில் இல்லாத மாடலில் தரையின் வெறும் உலோகத்தை எர்த்தாகப் பிடித்துக்கொள்ளலாம்.

இங்கே மீட்டரை மட்டும் நம்பினால் ஏமாற்றம். மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவு. அது ஏறத்தாழ மின்னோட்டமே இழுப்பதில்லை. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12.4 வோல்ட் என்று காட்டிவிடும். அதனால் அந்த இரண்டு பின்களுக்கு நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பை லோடாக மாட்டி, அது எரியும்போது அளக்க வேண்டும். பல்பு சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். வழியில் 2 ஓம் தடை இருந்தால் ஏறக்குறைய 3 வோல்ட் அங்கேயே விழுந்து, பல்பு மங்கி, மீட்டர் 9.5 பக்கம் காட்டும். பல்பு பளிச்சென்று எரிந்து 12 வோல்ட் நின்றால் வழி முழுவதும் நலம். இந்தப் பல்புச் சோதனை சப்ளை, எர்த் பின்களுக்கு மட்டுமே உரியது. ஒரு பின் தள்ளிப்போனாலும் அது ஸ்க்விப் வழி என்பதை மறக்க வேண்டாம்.

சப்ளை ஒயரையும் எர்த் ஒயரையும் பழுதுபார்க்கப் பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன: சரியான கிரிம்ப் ஸ்லீவ், அதன் மேல் சூட்டில் சுருங்கும் குழாய். முறுக்கி டேப் சுற்றுவது கூடாது. ஸ்க்விப் ஒயர்களுக்கு ஒட்டுப்போடுவதைப் பல கம்பெனிகள் தடை செய்திருக்கின்றன. அங்கே ஹார்னஸையே (முழு ஒயர்த் தொகுப்பையே) மாற்ற வேண்டியிருக்கும்.

சரிசெய்தபின்

எல்லாவற்றையும் மாட்டி, மாட்யூலை மேனுவல் சொல்லும் டார்க்கில் (torque, இறுக்கும் அளவு) இறுக்கி, அதன் பிறகே பாட்டரியை இணைக்கவும். முதல் முறை சாவி போடும்போது ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்காராமல் கதவுப் பக்கமிருந்து கையை நீட்டிப் போடுங்கள். விளக்கு எரிந்து அணைய வேண்டும். கனெக்டர் கழன்றிருந்தபோது மற்ற மாட்யூல்களில் பதிவான தொடர்புக் கோடுகளையும் சேர்த்து அழித்துவிட்டு, எல்லா லோடும் போட்ட நிலையில் நாலைந்து முறை ஸ்டார்ட் செய்து லைவ் டேட்டாவைப் பாருங்கள். சாதாரண ஓட்டத்தில் ஓரிரு நாள் கழித்து மறுபடி ஒருமுறை ஸ்கேன் செய்வது நல்லது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை ஏர்பேக் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்; கெப்பாசிட்டரில் இருப்பு இருக்குமே என்ற கணக்கு செல்லாது, ஏனென்றால் சப்ளை இறங்கினால் அந்த இருப்பு நிரம்பியிருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

பல்பு லோடிலும் பின்னில் 12 வோல்ட் நிற்கிறது, எர்த் சுத்தம், மாட்யூலின் பின்களும் சுத்தம், ஆனால் லைவ் டேட்டா இன்னும் 9 என்கிறது: அப்போது மட்டுமே மாட்யூலின் மேல் குற்றம் சுமத்தலாம். புதியது வாங்கும்போது பார்ட் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே மாடலிலேயே பைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாட்யூல் வேறுபடும். பெட்டியின் மேல் இருக்கும் அம்புக்குறி காரின் முன்பக்கத்தைப் பார்க்கும்படி வைத்து இறுக்கி, பிறகு அந்தக் காரின் சேஸிஸ் எண்ணுக்குக் கோடிங் செய்ய வேண்டும். கோடிங் முடியும்வரை விளக்கு அணையாமல் எரிவது பல கார்களில் இயல்பு.